தரியானாவை விழுங்குவது போர்த்துகீசு மட்டுமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அழிந்துவரும் மொழிகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, தென்னமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஸ்பானிஷும் போர்த்துகீசும் விழுங்கிவிட்டன என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தரியானா அந்த வரிக்குள் அடங்காது.

பிரேசிலின் வடமேற்கு மூலையில், வௌபெஸ் ஆற்றுப் பகுதியில் பேசப்படும், அரவாக் என்ற தென்னமெரிக்கப் பழங்குடி மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி அது. பேசுவோர் ஏறத்தாழ 100 பேர். அங்கே ஒருவருடைய மொழி என்றால் தந்தையின் மொழி. அதே மொழிக்காரரை மணப்பது உடன்பிறந்தவரை மணப்பதற்குச் சமம். எனவே தாய் வேறு மொழிக்காரியாகவே இருப்பாள்; பிள்ளைகள் பல மொழிகளோடு வளர்வார்கள். இந்தப் பன்மொழி வாழ்க்கைதான் சிறு மொழிகளுக்குக் காவலாக இருந்தது.

அதன் இலக்கணத்தைக் கட்டுரை தொடவே இல்லை என்பது என் பெரிய மனக்குறை. 'நாய் மீனைத் தின்றது' என்று தரியானாவில் மொட்டையாகச் சொல்ல முடியாது. கண்ணால் கண்டதா, சத்தம் கேட்டு அறிந்ததா, சிதறிக் கிடக்கும் முள்ளைப் பார்த்து ஊகித்ததா, அந்த நாயின் குணம் தெரிந்து சொல்வதா, பிறர் சொல்லக் கேட்டதா என்பதைக் காலத்தோடு சேர்த்தே விகுதி காட்டிவிடும். தமிழில் 'தின்றதாம்' என்கிறோமே, அது இந்த ஐந்தில் கடைசி வகை. நமக்கு அது விருப்பம், அவர்களுக்குக் கட்டாயம். (நம் அரசியல் மேடைகளுக்கு இப்படி ஓர் இலக்கணம் வாய்த்திருக்கலாம்!)

இந்த ஏற்பாடு பெரும்பாலும் அண்டை மொழியான துக்கானோவின் தாக்கத்தால் வளர்ந்தது என்கிறார், தரியானாவை ஆராய்ந்த மொழியியலாளர் அலெக்ஸாண்ட்ரா ஐகன்வால்ட். பிறமொழிச் சொல்லைக் கலந்து பேசுபவரை ஊரே ஏளனம் செய்யும். ஆனால் சொற்களை மறித்த அந்தக் காவலுக்குத் தெரியாமல் இலக்கணம் உள்ளே வந்துவிட்டது.

அந்தத் துக்கானோதான் இன்று தரியானாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1920களில் வேரூன்றிய சலேசியர் என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் மிஷனரிகள் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். பல மொழி பேசுவதைக் காட்டுமிராண்டி வழக்கம் என்று கருதி, துக்கானோவைப் பொதுமொழியாக ஊக்குவித்தார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த நீள்வீடுகளையும் ஒழித்தார்கள். ஆண்கள் பிழைப்புக்காக வெளியே போனபோது பிள்ளைகளிடம் எஞ்சியது தாயின் மொழி. பல வீடுகளில் அது துக்கானோ.

2002இல் அந்தப் பகுதியின் சாவ் காப்ரியேல் த கஷோய்ரா நகராட்சி, போர்த்துகீசுடன் நேங்காட்டு, துக்கானோ, பனிவா ஆகிய மூன்று உள்ளூர் மொழிகளையும் ஆட்சிமொழிகளாக அறிவித்தது. பாராட்டலாம். ஆனால் அந்த அறிவிப்பில் தரியானாவுக்கு இடமில்லை. போர்த்துகீசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கட்டுரையாளர் இதற்கு என்ன சொல்வார்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்