பழைய புல எண்ணுக்கு என்ன போடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின் ஆளுமை பற்றிய தங்கள் சிறப்பிதழில் எத்தனை சேவைகள் கணினிக்கு வந்துவிட்டன என்ற கணக்கு விரிவாக இருந்தது. அந்த மென்பொருள்களை எழுதியவர்கள் இடம் மாறிப் போன பிறகு என்ன ஆகிறது என்பதை ஒரு கட்டுரையும் தொடவில்லை. வருவாய்த் துறையில் முப்பத்தோரு ஆண்டு குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நான் கண்காணிப்பாளராக இருந்தபோது, மாவட்டத்துக்குள் மனுக்களைப் பதிந்துகொள்ள ஒரு சிறு மென்பொருள் கொடுத்தார்கள். அதில் 'பழைய புல எண்' (நிலத்தின் பழைய சர்வே எண்) என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் மனு பதிவாகாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய எண் தெரியாது. எங்கள் இளநிலை உதவியாளர் பூஜ்யம் போட்டுப் பார்த்தார், ஏற்றுக்கொண்டது. அன்று முதல் எல்லாருக்கும் பூஜ்யம். பக்கத்து வட்டத்தில் புள்ளி வைத்தார்கள். அதற்கு அடுத்த வட்டத்தில் புதிய எண்ணையே இரண்டு தடவை அடித்தார்கள். மாவட்ட அளவில் பட்டியல் எடுத்து எல்லாம் குழம்பிய நாளில்தான் இந்த மூன்று வழக்கமும் வெளியே தெரிந்தன. அந்தக் கட்டம் ஏன் கட்டாயமானது என்று கேட்க ஆள் தேடினோம். எழுதிய ஒப்பந்தப் புரோகிராமர் பெங்களூரு போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நல்ல தம்பி, போனை எடுத்தார். "சார், அப்போ ஏதோ மீட்டிங்ல சொன்னாங்க, அதான் வச்சேன்" என்றார். எந்தக் கூட்டம், யார் சொன்னது? எழுத்தில் ஒன்றும் கிடையாது. கடைசியில், பூஜ்யமே போடுங்கள் என்று வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அன்றைக்குக் குழுவில் இருந்தவர்களுக்கு மட்டும்.

இதே அலுவலகப் பதிவறையில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டு ஒன்றை அவிழ்த்தால், ஒரு வாய்க்கால் புறம்போக்கு சம்பந்தமாக எழுத்தர் வைத்த குறிப்பு, மேலதிகாரி ஓரத்தில் எழுதிய மறுப்பு, இறுதி ஆணை என்று எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். டாட்டன்ஹாம் முறை என்று எங்களுக்குச் சொல்லித் தந்த, சென்னை மாகாணத்து அலுவலக நடைமுறை அது. தன்பதிவேடு, அதாவது தன் இருக்கைக்கு வந்த தாள்களையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் குறிக்கும் ஏடு, எழுதச் சொல்லி உயிரை வாங்குவார்கள் (நானும் திட்டியிருக்கிறேன்). ஆனால் இருக்கைக்குப் புதிதாக வந்தவர் அதையும், முக்கிய ஆணைகளைச் சேர்த்து வைக்கும் இருப்புக் கோப்பையும் புரட்டினால் போதும், ஒரு வாரத்தில் வேலை பிடிபட்டுவிடும். மென்பொருளுக்கு அப்படி ஓர் இருப்புக் கோப்பு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெளிநாட்டில் தோன்றியிருக்கிறது. அமெரிக்காவில் 18எஃப் என்று மத்திய அரசுக்குள்ளேயே ஒரு தொழில்நுட்பக் குழு, 2014இல் தொடங்கியது. நிரலை (மென்பொருளை இயக்கும் கட்டளை வரிகளை) மட்டுமல்ல, மென்பொருள் ஒப்பந்தத்தை எப்படிச் சிறு துண்டுகளாகப் போடுவது என்பது வரை வழிகாட்டி எழுதிப் பொதுவில் வைத்தார்கள். 2025 மார்ச் 1 அன்று அந்தக் குழுவையே ஒழித்துவிட்டார்கள். அதன் நியாயம் அநியாயம் வேறு பேச்சு. அவர்கள் எழுதிவைத்தது இன்றும் யாரும் எடுத்துப் படிக்கக் கிடைக்கிறது. பிரிட்டன் அரசு, குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்புவதற்கான 'நோட்டிஃபை' சேவையின் நிரலை யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருப்பதால், கனடா அரசு அதையே எடுத்து ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் ஏற்பத் திருத்திக்கொண்டது. கடல் தாண்டி நடக்கிறது. எங்களுக்குப் பக்கத்து வட்டத்தில் புள்ளி வைப்பதே தெரியவில்லை.

நம்மிடம் சட்டத்துக்கோ கொள்கைக்கோ பஞ்சமில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறது. அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறந்து கூட்டாக உருவாக்குவதற்கென்று 2015இலேயே மத்திய அரசு தனிக் கொள்கை வகுத்தது. ஆனாலும் 2020 ஏப்ரல் 2 அன்று வந்த, கொரோனா தொற்றுக்கான ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரலைத் திறக்க மே 26 ஆயிற்று. அதுவும் அந்தரங்கம் பற்றி ஊரெல்லாம் கேள்வி எழுந்த பிறகு.

திறந்தால் திருடன் வருவான் என்பார்கள் அதிகாரிகள். கடவுச்சொல்லையும் மனுதாரர் விவரத்தையும் வெளியே வைக்கச் சொல்லவில்லை. மோசடியைப் பிடிக்கும் நிரலைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், பிரிட்டன்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் கேட்பது, இந்தக் கட்டம் யார் கேட்டு, எந்தத் தேதியில், எதற்காக வந்தது என்று நாலு வரி. அதை அடுத்த வட்டத்துக்காரரும் படிக்கிற இடத்தில் வைக்க வேண்டும். மென்பொருளை ஒப்படைக்கும்போது இதையும் ஒப்படைத்தால்தான் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போட்டால், எழுதாதவரும் எழுதுவார்.

ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. போன வாரம் என் பழைய இருக்கைக்குப் புதிதாக வந்திருப்பவர் போன் செய்தார். "சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். அந்தப் பழைய புல எண்ணுக்கு என்ன போடணும்?"

– ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், தஞ்சாவூர்