கார்பரேற்றரைக் கடைசியில் தொடு

அன்பு மகளுக்கு,

உன் பழைய மொறிஸ் மைனர் காரைப் பற்றி நீ அனுப்பிய காணொளியை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்த பிறகும் இஞ்சின் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டு நிற்கிறது. இறங்கும்போது ஒரேயடியாக விழுந்து, இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடுகிறது. அணையாமல் இருக்க மருமகன், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேற்றரின் திருகாணியைத் திருகித் திருகி வேகத்தைக் கூட்டியிருக்கிறார். அதனால் சந்தியில் வண்டி நிற்காமல் ஓடுகிறது, பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்லாதே. புதுக் கார்பரேற்றர் வாங்கச் சொன்னவருக்கும் இப்போதைக்குப் பதில் சொல்லாமல் இரு.

அவருடைய திருகாணி விளையாட்டை மொறிஸ் மைனரே காட்டிக்கொடுக்கும். அதில் ஆர்பிஎம் காட்டும் கருவி கிடையாது. ஆனால் பற்றரிக்கு மின்னேற்றும் பழைய வகை டைனமோ உள்ள வண்டியில், இஞ்சின் சும்மா ஓடும்போது மின்னேற்றம் நடக்காது. ஆகவே சிவப்பு எச்சரிக்கை விளக்கு மங்கலாக எரிய வேண்டும் அல்லது மினுங்க வேண்டும். உன் காணொளியில் அது முழுதாக அணைந்திருக்கிறது. அவ்வளவு வேகத்தில் வைத்துக்கொண்டு ரைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பார்த்தால் எந்த அளவும் சரியாக வராது. முன்பிருந்தவர் டைனமோவைக் கழற்றிவிட்டுப் புது வகை ஆல்ட்டர்னேற்றர் போட்டிருந்தால் இந்தச் சாத்திரம் பலிக்காது, அதை முதலில் பார்த்துக்கொள்.

இழுத்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும். பொயின்ற் என்பது திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் சின்னச் சுவிட்ச். அது இருக்கும் தட்டுக்குக் கீழே இரண்டு சின்ன எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் உண்டு. வேகம் கூடும்போது எடைகள் விரிந்து, தீப்பொறியை முன்னதாக விழச் செய்யும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தாலும் எடைகள் விரிந்தபடியே நின்றுவிடும். பொறி முன்னதாகவே விழுவதால் இஞ்சின் தானாக வேகமாக ஓடும், கடைசியில் எடைகள் மடங்கும்போது சட்டென்று விழும். மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் றோட்டரைப் பிடித்து, அது சுழலும் பக்கமாக, அதாவது மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக, மெல்லத் திருப்பி விடு. சட்டென்று திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தால் பழுது பிடிபட்டுவிட்டது. றோட்டரை மேலே இழுத்து எடுத்தால் தண்டின் தலையில் ஒரு திருகாணி தெரியும். அதைக் கழற்றாதே. அதன் மேல் இரண்டு துளி இஞ்சின் எண்ணெய் விட்டால் போதும், ஓரத்து இடைவெளி வழியாக உள்ளே இறங்கும். தட்டின் ஓரத்தால் எடைகளுக்கும் சிறிது விடு. பொயின்றில் மட்டும் படவிடாதே.

அடுத்தது பொயின்ற். இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் 0.025. பொயின்ற்தான் முதலில், ரைமிங் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றினால் செய்த வேலை வீண். பொயின்றின் பைபர் குதி தேயத் தேய இடைவெளி குறையும், பொறி பிந்தும். இடைவெளியைச் சரிசெய்த நிமிடமே ரைமிங்கும் நகர்ந்துவிடும். தட்டையும் உடலையும் இணைக்கும் துணிக்கம்பியையும் ஒரு தடவை அசைத்துப் பார். வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே அறுந்திருப்பது அதன் வழக்கம்.

ரைமிங் பார்க்க விலை கூடிய கருவி வேண்டாம், 12 வோல்ட் பல்பு ஒன்றும் இரண்டு வயரும் போதும். ஒரு வயரை டிஸ்ரிபியூற்றரின் பக்கத்து முனையில் கொடு, மற்றதை இஞ்சின் இரும்பில் பிடி. ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றி, புல்லியின் வெட்டை ரைமிங் மூடியின் கூர்களுக்கு நேராகக் கொண்டுவா. மிக நீண்ட கூர் மேல் உச்சம், அதாவது இஞ்சின் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம், மற்றவை அதற்கு முன் 5 பாகை, 10 பாகை. அவை அடிப்பக்கம் இருப்பதால் முதுகு வளைத்துத்தான் பார்க்க வேண்டும். வெட்டு தாண்டிப்போனால் நன்றாகப் பின்னே போய்த் திரும்பவும் முன்னோக்கி வா, சங்கிலித் தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும். வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் பாகையில் நிறுத்தி, சுவிட்சைப் போட்டு, டிஸ்ரிபியூற்றரை இடஞ்சுழியாகத் திருப்பிப் பல்பை அணை. பிறகு வலஞ்சுழியாக மயிரிழை மயிரிழையாகத் திருப்பு. பல்பு எரியும் அந்த இடத்தில் இறுக்கிவிடு.

புத்தகத்தின் எண்ணை வேதவாக்காக எடுக்காதே, அது அந்தக் காலத்துப் பெற்றோலுக்கு எழுதியது. தொண்ணூறுகளின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதபோது இங்கே ஒஸ்டின்களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஷாம்பூப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் கார்பரேற்றர் வாயில் பீச்சி ஸ்டார்ட் செய்வோம், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பெற்றோலுக்கு வைத்த ரைமிங்கில் மண்ணெண்ணெய் டொக்டொக்கென்று தட்டும், அதனால் பின்னே தள்ளி வைப்போம். உனக்கு எதிர்ப்பக்கம்: இன்றைய 95 ஒக்டேன் இன்னும் கொஞ்சம் முன்னே தாங்கும். நீ இருக்கும் செஃபீல்டில் மேட்டுக்குப் பஞ்சமில்லை. ரொப் கியரில் மெதுவாக ஏறி, அக்சிலரேற்றரை அழுத்து. தட்டும் சத்தம் கேட்டால், டிஸ்ரிபியூற்றரின் பக்கத்துச் சின்னப் பல்சக்கரத்தைச் சில கிளிக் பின்னே திருப்பு. எங்களுக்கு இங்கே ஒரு மேடு உண்டா? வண்டி நிறைய ஆளேற்றித்தான் சோதித்தோம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கார்பரேற்றர். சூடான இஞ்சினில், துரொட்டில் தண்டின் இரண்டு முனையிலும் ஒரு துளி எண்ணெய் விடு. ஓட்டம் மாறினால் தண்டு தேய்ந்து காற்று இழுக்கிறது. தெளிப்பான் எதையும் அடிக்காதே, இந்த இஞ்சினில் புகைபோக்கிக் குழாய் கார்பரேற்றருக்கு நேர்கீழே இருக்கிறது. எஸ்யூவின், அதாவது இந்தக் கார்பரேற்றரின், பிஸ்டனை அடியிலுள்ள ஊசியால் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்து. வேகம் ஏறி ஏறியபடி நின்றால் பெற்றோல் அதிகம், விழுந்தால் குறைவு. சிறிது ஏறி அடங்கினால் அதை விட்டுவிடு. அதற்குப் பிறகு மருமகன் விரும்பினால் வேகத் திருகாணியைத் திருகட்டும், சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு.

இப்போது விற்கும் புது றோட்டர்களிலும் கண்டென்சர்களிலும் சூடேறினால் கைவிடுபவை நிறைய. பழையது வேலை செய்தால் அதைக் குப்பையில் போடாமல் ஒரு துணியில் சுற்றி வண்டிக்குள் வை.

அப்பா