ஆற்றிலிருந்து எட்டாவது தெரு

சீடர் ராபிட்ஸ், அயோவா, அமெரிக்கா
ஞாயிறு இரவு

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லையே என்று திட்டியிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. நீ அனுப்பிய விலாசத்துக்கு மூன்று தடவை போய்வந்துவிட்டேன், ஒரு தடவை வீட்டுத் தரகரோடு, இரண்டு தடவை தனியாக. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் படிக்க அயோவா சிட்டிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடக்கிறார், சீட்டில் இன்னும் ஏமாற்றுகிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீடு நல்ல வீடு. ஓக் மரத் தரை, தெற்கு வெயில் விழும் சமையலறை, தங்கச்சி கேட்ட மாதிரியே பின்னால் தோட்ட இடம். தக்காளி, கத்தரி போட்டது போக ஒரு புடலைப் பந்தலும் போடலாம். நீ டாலஸை விட்டு இங்கே திரும்பி வருகிறாய் என்று சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அதனால் இந்த வீட்டை உனக்கு வேண்டாமென்று சொல்ல எனக்கு எந்த ஆசையும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

"எக்ஸ் ஜோன்தான், வெள்ளக் காப்பீடு தேவையில்லையாம். 2008-லேயே வரவேண்டியது வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது" என்று எழுதியிருந்தாய். அரசின் வெள்ள வரைபடத்தில் ஆபத்து குறைந்த பகுதிக்குப் போடும் எழுத்துதான் எக்ஸ், சரி. ஆனால் இந்த இரண்டு வரிதான் மாப்ளே என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அந்த ஜூன் 12 ராத்திரி என்னோடு நின்றவன் நீ. ஊருக்குக் குடிநீர் தரும் கிணறுகள் எல்லாம் மூழ்கிப்போய் கடைசியாக ஒன்றுதான் மிச்சம் என்று ரேடியோவில் சொன்னதும், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி, முன்பின் தெரியாத சனங்களோடு வரிசையில் நின்று மணல் மூட்டை கைமாற்றினோமே. அந்தக் கை இந்த வரியை எப்படி எழுதியது?

நூறு வருட வெள்ளம் என்று பெயர் வைத்தவனைச் சொல்லவேண்டும். ஒரு தடவை வந்தால் அடுத்த நூறு வருடம் ஓய்வு என்று அதற்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். நாம் ரம்மி ஆடும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டை முழுசாகக் கலைத்துப் போடுவோமில்லையா? போன ஆட்டத்தில் உனக்கு ஜோக்கர் வந்தது என்பதால் இந்த ஆட்டத்தில் வராது என்று சொல்வாயா? முப்பது வருடக் கடன் என்றால் முப்பது தடவை சீட்டுக் கலைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார், அதில் ஒரு தடவையாவது வர 26 சதவீத வாய்ப்பு. கிட்டத்தட்ட நாலில் ஒன்று. நீ போன பிறகு 2016 செப்டம்பரில் சீடர் ஆறு 21.95 அடிக்கு ஏறியது. 2008-க்கு அடுத்தபடி இந்த ஊர் பார்த்த உயரம் அதுதான், இடையில் எட்டே வருடம். ஊரே தெருவில் இறங்கி மணல் தடுப்பு வைத்ததால் தப்பித்தோம்.

இப்போது எக்ஸ். அதே வரைபடத்தில் ஆபத்து கூடிய ஏஇ ஜோன் என்றால் வெள்ள பாலிசி இல்லாமல் வங்கி கடன் தராது. எக்ஸ் என்றால் வங்கி கேட்காது. அந்த எழுத்து சொல்வது அவ்வளவுதான். தண்ணீர் வராது என்று அந்த வரைபடத்தைப் போடும் ஃபீமா, அதாவது அரசின் பேரிடர் நிறுவனம், எங்கேயும் எழுதவில்லை. 2008-ல் ஐந்நூறு வருட வெள்ளத்துக்குப் போட்ட எல்லையையே தாண்டி வந்தது. அதற்கு முன் ஆறு தொட்ட உச்சம் 20 அடி, 1851-லும் 1929-லும். 2008-ல் 31.12 அடி. மருத்துவமனையிலிருந்து 176 நோயாளிகளை ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற்றினார்களே, அந்தக் கட்டடம் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று நினைவிருக்கிறதா? உன் வீடு எட்டாவது தெரு.

இரண்டாவது தடவை போனபோது பேஸ்மென்டில் தனியாக அரை மணி நேரம் இருந்தேன். சுவருக்கெல்லாம் புது வெள்ளைப் பெயின்ட், பளிச்சென்று இருக்கிறது. மின்சாரப் பெட்டி கீழே இல்லை, மேலே சமையலறைச் சுவருக்கு ஏற்றியிருக்கிறார்கள். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையைத் தாங்கும் உத்தரக் கட்டைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கில் விரலை விட்டேன். பொடி வந்தது. திருநீறு மாதிரி அவ்வளவு நைசாக, காய்ந்து, சாம்பல் நிறத்தில். ஆற்று வண்டல். பேஸ்மென்ட் நிரம்பி, அதற்கும் மேலே போயிருந்தால்தான் அந்த இடத்தில் வண்டல் நிற்கும். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா, என்ன பார்த்தாய் என்று கேட்டு, தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வாசல் நிலையைக் காட்டினார். என் முழங்காலுக்குச் சற்று மேலே பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. "எங்களிடம் யாரும் காப்பீடு கேட்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார்.

நமக்கு மாடியை வாடகைக்கு விட்ட அந்த செக் நாட்டு வழித் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவர் மாடியில் நாம் எத்தனை பனிக்காலம் கழித்தோம்! கடனைக் கட்டி முடித்த வருடம் பாலிசியை நிறுத்திவிட்டார், இனி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். வெள்ளம் வடிந்த பிறகு நடைபாதையில் நாற்காலி போட்டு, ஒட்டிக்கொண்ட கல்யாணப் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாரே, பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன. நகராட்சி வாங்கிய 1,300-க்கும் மேற்பட்ட சொத்துகளில் அவர் வீடும் ஒன்று. இப்போது அங்கே புல்தான். அந்தப் பக்கம் போனால் நான் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

அதனால் வாங்குவதென்றால் வாங்கு, ஆனால் நான் சொல்கிறபடி வாங்கு. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குச் சல்லிக்காசு தராது. தேசிய வெள்ளக் காப்பீட்டில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் சாமானுக்கு 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். இரண்டும் தனித்தனி, சாமானுக்கு வேண்டுமென்று நீதான் கேட்கவேண்டும். சாதாரணமாக பாலிசி எடுத்து 30 நாள் கழித்துத்தான் செல்லும், மழையைப் பார்த்துவிட்டு ஓடினால் பிரயோஜனமில்லை. வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது, ஆகவே கையெழுத்துப் போடும் அன்றே முடித்துவிடு. விற்கிறவரிடம் ஏற்கெனவே பாலிசி இருக்கிறதா என்று கேள். இருந்தால் அதை உன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அவருக்குக் கிடைக்கும் சலுகையும் கூடவே வரும். 2021-லிருந்து பிரீமியம் கணக்கே மாறிவிட்டது. ஜோன் எழுத்தை வைத்துப் போடுவதில்லை. ஆற்றிலிருந்து தூரம், தரை உயரம், திரும்பக் கட்ட ஆகும் செலவு என்று வீட்டுக்கு வீடு பார்க்கிறார்கள். அதனால் அடுத்த வீட்டுக்காரர் சொல்லும் தொகையை நம்பாதே, உன் வீட்டுக்குக் கேட்டு வாங்கு.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். புத்தகங்களையும் மிருதங்கத்தையும் பேஸ்மென்டில் வைத்து, கார்பெட் போட்டு, கச்சேரி அறை கட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். பாலிசி இருந்தாலும் பேஸ்மென்டில் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், பம்ப், வாஷிங் மெஷின் மாதிரி சிலவற்றுக்குத்தான் பணம் வரும். கார்பெட்டுக்கு வராது, சோபாவுக்கு வராது, புத்தகத்துக்கு வராது. உன் அப்பாவின் மிருதங்கத்துக்கு யார் என்ன தந்தாலும் அது பணமாகத்தான் இருக்கும். மேலே கிழக்குப் பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது, ஜன்னல் நன்றாக இருக்கிறது, அதில் வை. கீழே ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப்புக்குப் பேட்டரி இல்லை. 2020 ஆகஸ்டில் அடித்த டெரேச்சோ என்ற சூறைக்காற்றுப் புயலில் இங்கே எத்தனையோ வீட்டில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, பேட்டரி இல்லாத பம்ப் அப்போது வெறும் இரும்பு. சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து ஏறினால் அதற்கு வீட்டுக் காப்பீட்டில் தனியாக ஒரு சேர்க்கை வேண்டும், அதையும் கேட்டுக்கொள்.

ஆற்றோரம் வெள்ளத் தடுப்புக் கரை கட்டுகிறார்களே என்பாய். கட்டுகிறார்கள். கிழக்குக் கரையில் நிறைய வேலை முடிந்திருக்கிறது. மேற்குக் கரை இன்னும் முடியவில்லை, உன் வீடு மேற்கே. நம்பிக்கை தரும் விஷயமும் ஒன்று உண்டு. 2008-க்குப் பிறகு அயோவா சிட்டியில் இருக்கும் அயோவா பல்கலைக்கழகத்தில் வெள்ள ஆய்வு மையம் தொடங்கினார்கள். பாலங்களில் கருவி மாட்டி, ஆறுகளும் ஓடைகளும் எவ்வளவு ஏறுகின்றன என்று நேரடியாகப் போடுகிறார்கள். வசந்த காலத்தில் தினமும் காலையில் காபியோடு அதைத்தான் பார்ப்பேன்.

வீட்டைச் சோதிக்க ஆள் வருவது வெள்ளிக்கிழமை என்றாய். நானும் போகிறேன், அந்த இடுக்கை அவருக்கும் காட்டவேண்டும். அதற்குள் ஒரு போன் செய். தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டு, பாதியை விழுங்கிவிடாதே. பக்கத்து வீட்டு அம்மா, வேலியோரம் இருக்கும் பியோனிச் செடியைப் புதிதாக வருகிறவர்கள் வெட்டிவிடுவார்களா என்று கேட்டார். வெட்டமாட்டார்கள் என்று உன் சார்பில் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் மாடி அறைக்காரன்