மரியெட்டாவுக்குப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

அடுத்த மாதம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள மரியெட்டாவுக்குப் போவதாக எழுதியிருந்தாய். 1788 ஏப்ரலில் 48 பேரோடு வந்து அந்த ஊரை உண்டாக்கியவர் ரூஃபஸ் புட்னம். கட்டுமானம் படித்த நீ அவரைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மாசசூசெட்ஸில் 1738-இல் பிறந்தவர். ஏழு வயதில் அப்பா போய்விட்டார். சத்திரம் நடத்திய மாற்றாந்தந்தைக்குப் படிப்பு வீண் செலவு. விருந்தாளிகள் தந்த சில்லறையில் வெடிமருந்து வாங்கி, பறவை சுட்டு விற்று, அந்தக் காசில் எழுத்துப் புத்தகமும் கணக்குப் புத்தகமும் வாங்கினான் அந்தப் பையன். எழுத்துப்பிழை கடைசிவரை போகவில்லை, கணக்கு கைவந்தது. 1757-இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரில் சேர்ந்தார். பிறகு ஆலை கட்டும் தச்சுவேலை.

பின்னர் அமெரிக்க விடுதலைப் போர் வந்தது; புட்னம் அமெரிக்கப் படையில் இருந்தார். 1776 தொடக்கத்தில் பாஸ்டன் நகரம் பிரிட்டிஷார் கையில். எதிரே டார்செஸ்டர் மேடு. அங்கே பீரங்கி ஏற்றினால் துறைமுகமே கைக்குள் வரும். சாதாரணமாக அகழி வெட்டி, அந்த மண்ணையே முன்னால் கொட்டிச் சுவர் எழுப்புவார்கள். அங்கோ ஒன்றரை அடி ஆழத்துக்கு மண் உறைந்து கிடந்தது. கடப்பாரை இறங்கவில்லை. ஒரே இரவில் முடிக்காவிட்டால் விடிந்ததும் குண்டு விழும்.

ஒரு தளபதியிடம் வற்புறுத்தி இரவல் வாங்கிய களப் பொறியியல் நூலில் 'ஷாண்டிலியர்' என்ற சொல் புட்னமின் கண்ணில் பட்டது. அதுவரை கேள்விப்படாத சொல். அது ஒரு மரச்சட்டம்: தரையில் கிடக்கும் உத்தரங்களில் நிமிர்ந்த கால்கள். கால்களின் இடைவெளியில் சுள்ளிக் கட்டுகளை அடுக்கி நெருக்கினால், தோண்டாமலே தரைக்கு மேல் சுவர் நிற்கும். மரச்சட்டம் கோக்கும் வேலை ஆலைத் தச்சருக்குப் புதிதா என்ன? சட்டங்களை முன்கூட்டியே செய்து வைத்தார்கள். மார்ச் 4 இரவு சுமார் 1200 பேர் வேலைக்கு, 800 பேர் காவலுக்கு, 300-க்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் சுமைக்கு. சக்கரச் சத்தமும் நடமாட்டமும் எதிரிக்கு எட்டாதபடி பாதையோரம் காய்ந்த புல் கட்டுகளை அடுக்கினார்கள். சுவருக்கு வெளியே கல்லும் மண்ணும் நிரப்பிய பீப்பாய்கள். எதிரி ஏறினால் சரிவில் உருட்டிவிட. பிரிட்டிஷ் பீரங்கிகளை அந்த உயரத்துக்கு நிமிர்த்த முடியவில்லை. தாக்கக் கிளம்பிய படையைப் புயல் தடுத்தது. மார்ச் 17 அன்று பிரிட்டிஷார் நகரைக் காலி செய்தார்கள். என் பார்வையில், அவர் செய்த வேலைகளிலேயே உயர்ந்தது இதுதான்.

புட்னம் ஒரு மேசன் லாட்ஜிலும் உறுப்பினர். லாட்ஜ் என்றதும் நம்மூர் விடுதி நினைவுக்கு வந்துவிடக் கூடாது. அது கட்டடக் கருவிகளை அடையாளமாகக் கொண்ட ஒரு சகோதர சபை. 'அமெரிக்கன் யூனியன்' லாட்ஜ் 1776-இல் பாஸ்டன் அருகே ராக்ஸ்பரி படைமுகாமில் தொடங்கியது. நிலையான கட்டடம் கிடையாது. படை போன இடமெல்லாம் அதுவும் போனது. புட்னம் 1779-இல் சேர்ந்தார். போர் முடிந்தபின் அதன் அனுமதிப் பத்திரம் ஜானதன் ஹார்ட் என்ற அதிகாரியிடம் இருந்தது. மரியெட்டாவிலிருந்த மேசன்கள் கேட்டுக்கொள்ள, 1790 ஜூனில் அதே பத்திரத்தைக் கொண்டு அவர் லாட்ஜை மீண்டும் திறந்தார். அவர் தலைவர், பெஞ்சமின் டப்பர் மூத்த வார்டன் (தலைவருக்கு அடுத்த பொறுப்பு), புட்னம் இளைய வார்டன்.

தலைவர் கிழக்கில் அமர்வார். அவர் மார்பில் மூலைமட்டம். மேற்கில் மூத்த வார்டன், அவருக்கு மட்டப்பலகை. தெற்கில் இளைய வார்டனுக்குத் தூக்குக்குண்டு. நீ தினமும் தொடும் சாமான்கள்தான். மற்றவர்களுக்கு அவை அடையாளம். புட்னமுக்குப் பிழைப்பும் அவைதான்.

அடுத்த ஆண்டே, 1791 நவம்பர் 4 அன்று, பூர்வகுடிகளோடு நடந்த போரில் ஹார்ட் இறந்தார். அந்த மண் முதலில் அவர்களுடையது என்பதையும் மறக்காதே. 1808-இல் ஒஹையோவின் முதல் கிராண்ட் மாஸ்டராக, அதாவது அங்குள்ள லாட்ஜ்களுக்கெல்லாம் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது, முதுமையைக் காட்டிப் புட்னம் அதை ஏற்கவில்லை. 1824-இல் காலமானார்.

கேம்பஸ் மார்ஷியஸ் அருங்காட்சியகத்துக்குள் அவர் வீடு அப்படியே நிற்கிறது. மரப் பொருத்துகளைக் கிட்டப் போய்ப் பார். பிறகு மவுண்ட் கல்லறைத் தோட்டம். நடுவில் பூர்வகுடிகள் எழுப்பிய பழைய மண்மேடு இருக்கும்; ஊர் அமைத்தவர்கள் அதை இடிக்காமல் விட்டார்கள். அவர் கல்லறையும் அங்கேதான். மட்டமும் குண்டும் செதுக்கிய கல் ஏதேனும் கண்ணில் பட்டால் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா