பழைய சித்திர மேப்புகள் சிதறிப் போறதுக்கு முன்னாடி, கொஞ்சம் கை கொடுங்க

எல்லாருக்கும் வணக்கம், நம்ம மேப் சேகரிப்பு குழு சார்பா ஒரு வேண்டுகோள். ஒரு குடும்பம் அவங்க வீட்டு பெரியவர் வாழ்நாள் முழுக்க சேர்த்து வச்ச சித்திர மேப்புகளை மொத்தமா நமக்கே விலைக்கு தர சம்மதிச்சிருக்காங்க, அதுக்குத்தான் நன்கொடை கேக்குறோம். ஏலத்துக்கு போச்சுன்னா ஒண்ணொண்ணா பிரிஞ்சு ஆளுக்கொரு சுவத்துல மாட்டிடுவாங்க, ஒரே பகுதியை நாலு பேர் நாலு விதமா வரைஞ்சதை பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கவே முடியாது.

இது வழி பாக்குற மேப் இல்லைங்க, ஒரு இடத்தோட கதையை படம் படமா வரைஞ்சு சொல்ற மேப். 1914-ல லண்டனுக்கு மெக்டொனால்ட் கில்ங்கிற ஓவியர் வரைஞ்ச 'ஒண்டர்கிரவுண்ட்' (Wonderground) மேப் வந்தப்புறம் இந்த பாணி பரவி, 1920-கள்லேர்ந்து அமெரிக்காவுல கொடிகட்டி பறந்துச்சு, நூற்றாண்டு விழா, கண்காட்சின்னா நினைவா ஒரு மேப் அச்சடிச்சாங்க. ஓவியர் ஜோ மோராவோட 1927 கலிபோர்னியா மேப்ல அந்த மண்ணோட வரலாறே குட்டி குட்டி ஆளுங்களா நடமாடும். பல மேப்புகள்ல பூர்வகுடி மக்களை வெறும் பொம்மை மாதிரி வரைஞ்சிருப்பாங்க, அதுவும் வரலாறுதான், மறைக்காம விளக்கக் குறிப்போட வைக்கப் போறோம்.

1939 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு மெக்சிகோ ஓவியர் மிகேல் கோவாரூபியாஸ் ஆறு பிரம்மாண்ட சுவர் மேப் வரைஞ்சார், அதுல ஒண்ணு பின்னாடி தொலைஞ்சே போச்சு. அது எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு பாக்க முடியுதுன்னா அச்சுப் பிரதிகளை யாரோ பத்திரமா வச்சிருந்ததாலதான். காகிதம்தானேன்னு விட்டுட முடியாதுன்னு நாங்க சொல்றது இதுக்குத்தான்.

நன்கொடை பணம் தொகுப்பை விலைக்கு வாங்க மட்டும் இல்ல, அதுக்கு மேல வேலை கிடக்கு. நிறைய மேப் மலிவான மரக்கூழ் பேப்பர்ல அச்சானது, அமிலத்தால பழுத்து மடிப்புல விட்டுப்போகுது. தேர்ந்த ஆளை வச்சு அமிலம் நீக்கணும், கிழிசலை ஜப்பான் டிஷ்யூங்கிற மெல்லிசான காகிதமும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வச்சு ஒட்டணும் (லாமினேஷன் கூடவே கூடாது, பிரிக்கவே முடியாது), அப்புறம் பாலியெஸ்டர் உறை, படுக்கையா வைக்க டிராயர் அலமாரி, சின்ன எழுத்தும் படிக்கிற அளவுக்கு ஸ்கேன். ஸ்கேன் எல்லாருக்கும் இலவசம், நன்கொடை தந்தவங்க தராதவங்கன்னு பாகுபாடு கிடையாது.

சின்ன தொகையா இருந்தாலும் தயங்காதீங்க. வரவு செலவு பில்லோட குழுவுல போடுவோம், தொகுப்பு கைக்கு வரலைன்னா கொடுத்தவங்களுக்கே திருப்பிடுவோம். பணம் தர முடியாதவங்க மேப்ல இருக்குற பேர், வருஷம் எல்லாம் டைப் பண்ணி பட்டியல் போட வரலாம், அதுக்கும் ஆள் பத்தல.

உங்ககிட்டயே பழைய சித்திர மேப் மடிச்சு கிடந்தா வலிஞ்சு விரிக்காதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க, இருக்குற மாதிரியே ஒரு ஃபோட்டோ எடுத்து குழுவுக்கு அனுப்புங்க.