மூன்று நிறச் சீருடைக்காரர்களின் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஜனவரிச் சம்பளத்தோடு எங்களுக்குச் சம்பளச் சீட்டு வந்தது. மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கும் எனக்கு இதுதான் முதல் சீட்டு. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), கைக்கு வருவது எல்லாம் தனித்தனி வரியில் இருக்கிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு, சங்கச் செயலாளராக நான் எழுதும் மடல் இது.

இங்கே சமையலுக்கு ஒரு காண்ட்ராக்டர், சலவைக்கு ஒருவர், துப்புரவுக்கு ஒருவர். சீருடை பச்சை, நீலம், மெரூன். டெண்டர் முடிந்தால் காண்ட்ராக்டர் மாறுவார், நிறம் மாறும், எங்கள் சர்வீஸ் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். அதே துடைப்பம், அதே அண்டா. சமையற்கட்டு ஆட்களுக்குச் சம்பளம் அதிகம் என்று எங்களிடமும், எங்களுக்கு அதிகம் என்று அவர்களிடமும் சூப்பர்வைசர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அந்தப் புளுகு உடைந்தது கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில். "மூணு கூட்டமும் ஒரே புலம்பலைத் தனித்தனியா வந்து புலம்புறீங்களே, சேர்ந்து புலம்பக் கூடாதா?" என்று கேட்டார் கடைக்கார அண்ணன். மூன்று நிறமும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் முதல் கூட்டம் அவர் கடை பெஞ்சில்தான் நடந்தது.

பி.எஃப். ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஞாயிறுதோறும் வந்து, ஒவ்வொருவர் போனிலும் யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண், ஆளுக்கு ஒன்றுதான்) போட்டு பாஸ்புக் எடுத்துக் காட்டினார். எங்கள் பங்கு 12 சதவீதம் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். பாஸ்புக்கில் ஏழு மாதம் ஒன்றுமே இல்லை. துப்புரவு அக்கா ஒருவருக்கு எண்ணே இரண்டு. ஐயா டீக்குக்கூட எங்களைக் காசு கொடுக்க விடவில்லை.

மனு எழுதித் தந்த வக்கீல் தம்பிக்கு நன்றி. காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமே தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்வதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். "அது காண்ட்ராக்டர் பிரச்சினை" என்று விரட்டிய ஆபீசில் அதைச் சொன்னதும் நாற்காலி போட்டார்கள். (மனு கொடுத்த அடுத்த மாதமே, 2025 நவம்பர் 21 அன்று, அந்தச் சட்டம் போய், பல பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்த தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. 20 பேர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்தது இப்போது 50 பேர்.)

நர்ஸ் சிஸ்டரை எப்படி மறப்பது? பெட்ஷீட் மடிப்பில் ஊசி கிடக்கும். குத்தினால் கையைக் கழுவிவிட்டு வேலையைப் பார்ப்போம். அவர்தான் ஒவ்வொரு குத்தையும் ரெஜிஸ்டரில் பேரோடு எழுத வைத்தார். தொழிலாளர் அதிகாரி முன்னால் நாங்கள் பேசியதைவிட அந்த ரெஜிஸ்டர்தான் அதிகம் பேசியது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டாயிற்று, மூன்றாவது மே மாதம்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்து போராடிய தூய்மைப் பணியாளர்களுக்கு எங்களை யாரென்றே தெரியாது. ராத்திரியில் அவர்களை அப்புறப்படுத்தியதை எங்கள் போனில் பார்த்து அழுதோம். நம்மாலும் உட்கார முடியும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. ஆனால் நோயாளியின் கஞ்சியை நிறுத்த மனசு வரவில்லை. கறுப்பு பேட்ஜ் குத்தி வேலை பார்த்துவிட்டு, ஷிஃப்ட் முடிந்தபின் கேட்டில் உட்கார்ந்தோம். அப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்த நோயாளிகளின் சொந்தக்காரர்களே, உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்த என் மாமியாருக்கும் நன்றி. திட்டிக்கொண்டேதான் கூட்டிவந்தார்.

ஏழு மாத பாக்கியில் நாலு மாதம் கணக்கில் ஏறிவிட்டது. மீதிக்கு அடுத்த வாரம் பேச்சுவார்த்தை. டீக்கடை அண்ணன் நோட்டில் எங்கள் பேரில் இருக்கும் பாக்கியை இந்தச் சம்பளத்தில் தீர்த்துவிடுகிறோம்.