பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த அடிமை வணிக ஒழிப்புக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதோடு போட்டிருந்த வண்ணப் படத்தின் கீழே ‘ஒலாடா ஈக்வியானோ’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறீர்கள். அடிமையாக இருந்து, விடுதலை வாங்கி, தன் கதையைப் புத்தகமாக எழுதியவர் அவர். ஆனால் சிவப்புக் கோட்டு அணிந்த அந்தக் கறுப்பினத்தவர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. படம் இருக்கும் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகர அருங்காட்சியகமே, ஆளின் பெயர் போடாமல் ‘ஓர் ஆப்பிரிக்கரின் உருவப்படம்’ என்றுதான் தலைப்பு வைத்திருந்தது.

கோபிசெட்டிபாளையத்தில் படங்களுக்கு ஃப்ரேம் போடுவது என் தொழில். எங்கள் பக்கம் அப்பாரு, அப்பிச்சி (அப்பாவின் அப்பா, அம்மாவின் அப்பா) படங்களைப் பெரிதாக்கி மாட்டக் கொண்டு வருவார்கள். பழைய அட்டையைப் பிரித்தால் பின்னால் ஓர் எழுத்தும் இருக்காது. அப்பாருவா, அவர் தம்பியா என்று கடையிலேயே பேச்சு நடக்கும். பெயர் எழுதாத படத்துக்கு, ஊரறிந்த ஆளின் பெயர்தான் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடையையும் வரைந்த விதத்தையும் வைத்து எக்ஸிடர் படத்தை 1757-60 அளவில் வைக்கிறார்கள். 1789இல் வெளியிட்ட தன்வரலாற்றின்படி ஈக்வியானோ பிறந்தது 1745 வாக்கில். அப்படியென்றால் அப்போது அவர் பையன். கடற்படை அதிகாரி ஒருவரின் அடிமையாகக் கப்பலில் இருந்தார். 40 பவுண்டு கொடுத்து விடுதலை வாங்கியது 1766இல். படத்தில் இருப்பவரோ நல்ல உடுப்பு போட்ட, வளர்ந்த ஆள். ஈக்வியானோவின் முகம்தான் வேண்டுமென்றால் அவருடைய புத்தகத்தின் முகப்பிலேயே செதுக்குப் படம் இருக்கிறது. கையில் பைபிளோடு இருப்பார். அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் இது யார்? அதே காலத்தில் லண்டனில் வாழ்ந்த கறுப்பினத்தவர் இக்னேஷியஸ் சாஞ்சோவாக இருக்கலாம் என்கிறார்கள் சிலர். 1729 வாக்கில் பிறந்தவர் என்பதால் வயது ஒத்துவருகிறது. மான்டேகு பிரபு வீட்டில் வேலை பார்த்து, பிறகு வெஸ்ட்மின்ஸ்டரில் மளிகைக்கடை வைத்தவர், 1774 பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர். 1768இல் ஓவியர் கெயின்ஸ்பரோ வரைந்த சாஞ்சோ படம் கனடாவின் ஒட்டாவாவில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் முகச்சாயலை மட்டும் நம்பக்கூடாது. பத்து வருடத்தில் ஆள் பருத்துவிடுவார், வரைந்த கையும் வேறு. எக்ஸிடர் படத்தை முன்பு ரெனால்ட்ஸ் வரைந்தது என்றார்கள், இப்போது ஆலன் ராம்சே என்கிறார்கள். ஓவியர் பெயரே இப்படி மாறியிருக்கிறது.

இது வெறும் படிப்பாளிகள் விவகாரம் இல்லை. ஸ்காட்லாந்தின் ஸ்கூன் அரண்மனையில் இரண்டு இளம்பெண்கள் சேர்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. அதில் கறுப்பினப் பெண்ணை 1904ஆம் ஆண்டுப் பட்டியல் பணிப்பெண் என்று எழுதிவிட்டது. உண்மையில் அவர் இங்கிலாந்துத் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டின் வீட்டில் வளர்ந்த பேத்தி முறைப் பெண், டைடோ எலிசபெத் பெல். மான்ஸ்ஃபீல்டின் உயிலில் அவருக்கு 500 பவுண்டும் வருடம் 100 பவுண்டும் எழுதியிருக்கிறது. அவருடைய தகப்பனார் ஜான் லிண்ட்சே 1770இல் ஆற்காட்டு நவாபிடம் பிரிட்டிஷ் அரசரின் தூதராகச் சென்னைக்கு வந்தவர்.  பட்டியல் எழுதிய ஒருவர் சரியாக விசாரிக்காததால், ஒரு பெண் பல காலம் தன் சொந்த வீட்டிலேயே வேலைக்காரியாகக் கிடந்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பெயர் தப்பானால் ஒருவருக்கு மட்டும் நஷ்டம் இல்லை. ஈக்வியானோவுக்கு வேறொருவர் முகம் போகிறது, அந்த முகத்துக்குரியவர் காணாமலே போகிறார்.

உங்கள் பக்கத்தை வெட்டியெடுத்து, பள்ளிக்கூடத்தில் மாட்ட ஓர் ஆசிரியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். ஃப்ரேம் தயார், பெயர்ப்பட்டி மட்டும் இன்னும் ஒட்டவில்லை. ‘முன்பு ஈக்வியானோ எனப்பட்டவர், சாஞ்சோவாக இருக்கலாம், உறுதியில்லை’ என்று ஒரு சின்னத் திருத்தம் போட்டால் அதையே கீழே ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
படச்சட்டக் கடைக்காரர்,
கோபிசெட்டிபாளையம்